பழைய பென்ஸ் வாங்கலாமா? வரலாறும் வளர்ப்பும்: கேள்வி பதில்

பழைய மெர்சிடிஸ் பென்ஸ் கார்களைப் பற்றிப் பலரும் கேட்டுவந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. 1990-களின் ஈ 220 ஒன்றை நீண்ட காலமாக வைத்து ஓட்டுகிறவன். தெரிந்தவர்கள் பழைய பென்ஸ் பார்க்கப் போனால் கூடப் போய், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவன். எல்லோரும் முதலில் "என்ன விலை?" என்று கேட்கிறார்கள். "சர்வீஸ் பில் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி சுற்றிச் சுற்றி அங்கேதான் போய் நிற்கும்.

சார், பென்ஸ் என்பவர்தான் காரைக் கண்டுபிடித்தார் என்கிறார்கள். அப்படியானால் டைம்லர் யார், மெர்சிடிஸ் யார்? (திருப்பூர்)

தனித்தனியாக ஓடிய இரண்டு கம்பெனிகள் 1926-இல் ஒன்றாகின. மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ். 1886 ஜனவரி 29 அன்று தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் அதே காலத்தில் தங்கள் எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

கார்ல் பென்ஸ் வண்டியைச் செய்தார், அது ஊர் விட்டு ஊர் போகும் என்று காட்டியவர் அவர் மனைவி பெர்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமலே இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, 100 கிலோமீட்டர் தள்ளி ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் லிக்ரோயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டதும் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் வைத்து அடித்துக்கொண்டார். உலகத்தின் முதல் நெடுந்தூர கார் டிரைவரும் முதல் ரோட்டோர மெக்கானிக்கும் அந்த அம்மாதான். இந்தப் பிராண்டின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த ஆளும் அவர்தான்.

மெர்சிடிஸ் ஒரு சிறுமியின் பெயர். பிரான்சின் நீஸ் நகரில் வசித்த எமில் யெல்லினெக் என்ற ஆஸ்திரிய வணிகர் டைம்லர் கார்களை வாங்கிப் பணக்காரர்களுக்கு விற்றுவந்தார். 1900-இல் அவர் 36 கார்களுக்கு ஒரே ஆர்டராகக் கொடுத்து, இன்னும் தாழ்வான, வேகமான வண்டி வேண்டும், அதற்கு என் மகள் பெயரை வைக்க வேண்டும் என்றார். மைபாக் வடிவமைத்த அந்த 35 குதிரைத்திறன் கார் 1901 மார்ச்சில் நீஸ் பந்தய வாரத்தில் மற்ற எல்லா வண்டிகளையும் பின்னுக்குத் தள்ளியது. அடுத்த வருடமே மெர்சிடிஸ் என்ற பெயர் பதிவானது. மூன்று முனை ஸ்டார் 1909-இல் வந்தது. நிலம், நீர், வானம் மூன்றிலும் தங்கள் எஞ்சின் ஓட வேண்டும் என்ற ஆசை அது.

எங்கள் தாத்தா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தார். அந்தக் காலத்து டாடா லாரி முகப்பில் பென்ஸ் ஸ்டார் இருந்தது என்பார். உண்மையா, கதையா? (நாமக்கல்)

உண்மை. 1954-இல் டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், டைம்லர் பென்ஸோடு 15 வருட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தது. 1969 வரை அந்த லாரிகள் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் என்ற பெயரில் ஸ்டாரோடுதான் வந்தன. நம் ஊர் லாரிப் பட்டறைகளின் பழைய மேஸ்திரிகள் டீசல் வேலை கற்றதே அந்த எஞ்சின்களில்தான். அதனால் கார் வருவதற்கு நாற்பது வருடம் முன்பே பென்ஸ் இங்கே உழைத்துச் சம்பாதித்த பெயர்.

காருக்கு என்று மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியா 1994-இல் தொடங்கியது. 1995-இல் புனேயில் டெல்கோ வளாகத்திலேயே டபிள்யூ 124 ஈ கிளாஸ் தயாராகி வெளிவந்தது. (டபிள்யூ என்று தொடங்கும் எண்கள் ஒவ்வொரு தலைமுறை மாடலுக்கும் கம்பெனி வைத்த உள்பெயர்.) 2009-இல் பக்கத்துச் சாக்கனுக்குச் சொந்தத் தொழிற்சாலையோடு போனார்கள். லாரி மறுபடி வந்தது சென்னைக்குப் பக்கத்தில், ஒரகடத்தில். 2012 முதல் பாரத்பென்ஸ் என்ற பெயரில் அங்கே தயாராகிறது. உங்கள் தாத்தா இருந்தால் ஒருமுறை அந்தப் பக்கம் கூட்டிப் போங்கள்.

அண்ணே, டபிள்யூ 123 டீசல் அழியவே அழியாது என்கிறார்களே. எனக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். என்ன பார்த்து வாங்க வேண்டும்? (மதுரை)

தம்பி, நல்ல ஆசை. 1976 தொடக்கத்தில் அறிமுகமாகி பத்து வருடம் ஓடிய மாடல் அது. ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் தயாராயின. ஜெர்மனியில் டாக்ஸி என்றாலே இதுதான். இதற்கு முந்தைய மாடலான டபிள்யூ 115 உடம்பில் வந்த 240 டீசல் ஒன்றை கிரேக்க டாக்ஸி டிரைவர் ஒருவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-இல் அதைக் கம்பெனியே வாங்கி ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனது. ஆனால் அவர் அதில் எஞ்சினைப் பலமுறை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழியாத வண்டி என்று எதுவும் கிடையாது. சரிசெய்யச் சரிசெய்ய மறுபடி எழுந்து ஓடுகிற வண்டி உண்டு, இது அந்த வகை.

போய்ப் பார்க்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே "சூடு பண்ணி வெச்சிருக்கேன் சார்" என்று சொன்னால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் டீசலின் உண்மை தெரியும். ஸ்டார்ட் ஆகி சூடானதும், ஐடிலிங்கில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே அடிக்கிறது என்று அர்த்தம், எஞ்சின் வேலை காத்திருக்கிறது.

அடுத்தது, சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிப் பாருங்கள். இந்த டீசலை நிறுத்துவது கரண்ட் இல்லை, வேக்குவம், அதாவது குழாய் வழியே காற்றை உறிஞ்சும் இழுப்பு. எங்காவது ரப்பர் குழாய் ஓட்டையாக இருந்தால், சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகும் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சென்ட்ரல் லாக்கும் அதே வேக்குவத்தில்தான் வேலை செய்கிறது, அதனால் பல நேரம் கதவு லாக்கில் இருக்கும் ஓட்டைதான் எஞ்சினை நிற்கவிடாமல் செய்யும். பயப்படத் தேவையில்லை, சில நூறு ரூபாய்க் குழாயில் சரியாகிற விஷயம். விலை பேச மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வேகம் எதிர்பார்க்காதீர்கள். 240 டீசலுக்கு ஆரம்பத்தில் 65 குதிரைத்திறன், பிறகு 72. மலை ஏறும்போது பின்னால் வருகிற மாருதிக்காரர் ஹார்ன் அடிப்பார். துரு இருந்தால் மட்டும் எவ்வளவு ஆசையானாலும் விட்டுவிடுங்கள். எஞ்சின் வேலையை நம் ஊரில் செய்துகொள்ளலாம். துருப்பிடித்த உடம்புக்கு டிங்கரிங் செலவு முடிவே இல்லாமல் போகும்.

ஒரே பட்ஜெட்டில் 1996 ஈ 220-யும் கிடைக்கிறது, 2008 சி 200-யும் கிடைக்கிறது. புதியதை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்? (சென்னை, அண்ணா நகர்)

தினமும் ஆபீஸ் போக வேண்டும், வீட்டில் ஒரே கார் என்றால் சி 200. இரண்டாவது காராக, ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஓட்டிச் சந்தோஷப்பட வேண்டும் என்றால் ஈ 220. இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஈ 220-இல், அதாவது டபிள்யூ 124-இல், உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது வருகிற சத்தம் ஒன்று போதும், அந்தக் கம்பெனி அப்போது எப்படி வேலை செய்தது என்று புரிய. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர்தான். அது வெறுமனே வட்டமடிக்காமல், மூலைக்குப் போகும்போது நீண்டு, நடுவில் சுருங்கி, கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைக்கிறது. அதற்குள்ளே தனிப் பல்சக்கர ஏற்பாடே இருக்கிறது. அதற்குக் கிரீஸ் வைக்கச் சொல்லி எந்தப் பட்டறையும் சொல்லாது. மழைக்கு முன்னால் நீங்களே கேட்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முனக ஆரம்பிக்கும்.

பார்க்க வேண்டியவை: பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பலகைகளுக்குப் பின்னால் ஜாக்கி வைக்கும் இடங்கள், முன் மட்கார்டு ஓரம். துரு அங்கே ஒளிந்திருக்கும். அப்புறம் எஞ்சின் வயரிங். 1990-களின் முற்பாதியில் வந்த வண்டிகளில் மக்கிப்போகும் தன்மையுள்ள உறையைப் போட்டார்கள். எஞ்சின் சூட்டில் அது காய்ந்து முறுக்கு மாதிரி நொறுங்கி, செம்புக் கம்பி வெளியே தெரியும். கையால் வளைத்துப் பார்க்காதீர்கள், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். மாற்றியிருக்கிறார்களா, எப்போது என்று பில் கேளுங்கள். பில் இல்லாமல் "மாத்தியாச்சு சார்" என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

2008 சி 200 கம்ப்ரஸர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் வகை) என்றால் பார்க்க வேண்டியது டைமிங் செயின், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் சங்கிலி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கணம் கடகடவென்று சத்தம் வந்து நின்றால், செயின் நீண்டு, கேம் பல்சக்கரம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் கேட்கும்.

2000-க்குப் பிறகு வந்த பென்ஸ் தரம் குறைந்துவிட்டது என்பது வெறும் பழங்கதையா? (கோவை)

பழங்கதை இல்லை. 1980-கள் வரை அங்கே முதலில் இஞ்சினியர்கள் வண்டியை முடிப்பார்கள், பிறகுதான் விலை கணக்கு. 1989-இல் டொயோட்டாவின் லெக்சஸ் எல்எஸ் 400 வந்து, அதே அமைதியையும் நேர்த்தியையும் கணிசமாகக் குறைந்த விலையில் கொடுத்தது. அதோடு 1991-இன் டபிள்யூ 140 எஸ் கிளாஸ் தாமதமாகி, செலவும் எகிறியது. அதன் பிறகு விலையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குள் வண்டியை அடக்குகிற வழக்கம் வந்தது. 1998-இல் கிரைஸ்லரோடு இணைந்தார்கள், 2007-இல் பிரிந்தார்கள். அந்த இடைப்பட்ட காலத்து வண்டிகளில்தான் புகார் அதிகம்.

டபிள்யூ 210 ஈ கிளாஸ், அந்த நான்கு உருண்டை விளக்கு வண்டி, துருவுக்குப் பெயர் போனது. முன் ஸ்பிரிங் உட்காரும் இரும்பே துருப்பிடித்துக் கழன்ற வண்டிகள் உண்டு. வாங்கும் முன் முன்சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அடுத்து வந்த டபிள்யூ 211-இல் எலக்ட்ரானிக் பிரேக் சிக்கல். 2005-இல் பிரேக், பேட்டரி மென்பொருள், ஆல்டர்னேட்டர் பிரச்சினைகளுக்காக 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்தத் தலைமுறையில் 2006-இல் அந்தப் பிரேக்கை மாற்றிய பிறகு வந்த வண்டி பாதுகாப்பான தேர்வு. அதிலும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்றால் பேலன்ஸ் ஷாஃப்ட் (எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் தண்டு) பல்சக்கரம் தேய்கிற ஆரம்பத் தொகுதியா என்று எஞ்சின் நம்பரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சின்னப் பல்சக்கரத்தை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும், செலவு வண்டி விலையை எட்டிப் பார்க்கும்.

டெல்லியிலிருந்து வருகிற டீசல் பென்ஸ்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. நம்பி எடுக்கலாமா? (ஈரோடு)

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசலுக்குத் தடை போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் நல்ல வண்டிகளும் தள்ளிவிடப்பட்டன. வண்டியில் குறை இருந்துதான் ஆக வேண்டும் என்றில்லை.

ஆனால் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்த மாடல், வருடம் சொல்லி வரி எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். புரோக்கர் சொல்கிற கணக்கை நம்ப வேண்டாம். கிலோமீட்டரையும் மீட்டரைப் பார்த்து நம்பாதீர்கள். பென்ஸ் ஸ்கேனர் உள்ள பட்டறையில் மாட்டினால் வேறு கண்ட்ரோல் யூனிட்களில் பதிவான தூரமும் தெரியும். ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

2009, 2010 வாக்கில் வந்த 220, 250 சி.டி.ஐ. டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) பிரச்சினை பரவலாக இருந்தது, கம்பெனியே வேறு வகை இன்ஜெக்டருக்கு மாற்றிக் கொடுத்தது. அந்த வேலை நடந்த வண்டியா என்று பாருங்கள்.

சார், ஹிட்லர் பென்ஸில்தான் போவார் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கம்பெனிக்கு அதில் என்ன பங்கு? (தஞ்சாவூர், ஆசிரியை)

கார் கொடுத்ததோடு முடியவில்லை அம்மா. போர்க்காலத்தில் டைம்லர் பென்ஸ் விமான எஞ்சினும் ராணுவ லாரியும் செய்தது. 1944-இல் அங்கே வேலை செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கட்டாயத் தொழிலாளர்கள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். பின்னாளில் கம்பெனியே வரலாற்றாசிரியர்களை வைத்து இதை ஆராய்ந்து ஒப்புக்கொண்டது, 1988-இல் 2 கோடி மார்க் கொடுத்தது. இந்த ஸ்டாரை நேசிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் நேசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு பெர்தாவைப் பற்றிச் சொல்கிறபோது இதையும் சொல்லுங்கள்.

வேளச்சேரியில் ஒருவர் எஸ் கிளாஸை அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்கிறார். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (தாம்பரம்)

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் துவைப்பதில்லை, அங்கே சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங், தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். கார்பெட்டுக்குக் கீழே உள்ள தடிப்பான ஸ்பாஞ்சைக் கையால் அழுத்துங்கள். வண்டி 2015 டிசம்பருக்கோ 2023 டிசம்பருக்கோ முன்பே சென்னையில் இருந்தது என்றால் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரம் கேட்டே ஆக வேண்டும். தண்ணீர் குடித்த எஸ் கிளாஸை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரும் கனெக்டரும் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொன்றாகப் பச்சை பிடித்துச் சாகும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் இன்னொன்று. ராத்திரி நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்றுப் பை கசிகிறது. அதை விட்டுவைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் 1990-களின் பிற்பகுதி ஈ கிளாஸ் ஒன்று இருக்கிறது. கியர் சில வேளை ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. ஆஃப் செய்து போட்டால் சரியாகிறது. கியர்பெட்டி முழுதையும் மாற்றச் சொல்கிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்து ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் இது வழக்கமான வியாதி. ஏதாவது சிக்னல் தப்பினால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட் என்ற சென்சார் தட்டு, அல்லது பெட்டியின் பக்கத்தில் வயர் மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டர். அந்தக் கனெக்டரின் சிறு ரப்பர் வளையம் காய்ந்தால் கியர் ஆயில் கசிந்து, வயருக்குள்ளேயே ஊறி ஏறி, கண்ட்ரோல் யூனிட் வரை போய்விடும். அந்த யூனிட்டின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விடை கிடைத்துவிட்டது. கனெக்டர், தட்டு, ஃபில்டர், சரியான ஆயில், இவ்வளவுதான் முதலில் செய்ய வேண்டியது. இந்த ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று முதலில் சொல்லியிருந்தார்கள், பிறகு அவர்களே மாற்றச் சொன்னார்கள். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் ஊரில் 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிக்கு நல்ல மதிப்பு. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, என் கணவர் பழைய பென்ஸ் வாங்கியே தீருவேன் என்கிறார். மாதம் எவ்வளவு செலவு வரும், கம்பெனி சர்வீஸா, வெளியிலா? (திருச்சி)

மாதக் கணக்காகப் பார்க்காதீர்கள் அம்மா, இது மூன்று மாதம் சும்மா இருந்து நான்காவது மாதம் மொத்தமாகக் கேட்கும். வண்டி விலை குறைந்தாலும் ஸ்பேர் விலை குறையாது. 50 லட்ச ரூபாய் கார் 8 லட்சத்துக்குக் கிடைக்கலாம், அதன் பிரேக் டிஸ்க் இன்னும் 50 லட்ச ரூபாய் காரின் டிஸ்க்தான். அதனால் கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வண்டி, ஒரு பங்கு முதல் வருட வேலைக்கு என்று ஒதுக்கிவிட்டு வாங்கச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் வண்டியில் போடுகிற வீடுகளில்தான் சண்டை வருகிறது.

15 வருடம் முடிந்த வண்டி என்றால் ஆர்.சி.-யை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள்.

சர்வீஸைப் பொறுத்தவரை, பத்து வருடத்துக்குள் உள்ள வண்டிக்கு ஸ்கேனர் வேலை, மென்பொருள் எல்லாம் கம்பெனியில். அதற்கு மேற்பட்டதற்கு, பென்ஸ் மட்டுமே பார்க்கிற தனி மெக்கானிக் ஒருவரைப் பிடித்துவிடுங்கள். கண்ட பட்டறையிலும் விடாதீர்கள். ஒரு பட்டறையில் என் வண்டிக்கு கூலன்ட் போடச் சொன்னால் போர்வெல் தண்ணீரை நிரப்பி அனுப்பினார்கள். பிறகு தெர்மோஸ்டாட் கவரைக் கழற்றியபோது அலுமினியம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்து அரித்திருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரும் கம்பெனி சொன்ன கூலன்ட்டும் கலந்துதான் ஊற்ற வேண்டும். அதைக் கூடவே நின்று பாருங்கள்.

பழைய பென்ஸ் இன்றைய சின்னக் காரைவிடப் பாதுகாப்பானதுதானே? இரும்பு அவ்வளவு கனம்! (சேலம்)

கனம் பாதுகாப்பு தராது. மோதும்போது முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் இருக்கும் கூண்டு நசுங்கக் கூடாது. இதைச் சொல்லிக் காப்புரிமை வாங்கியவர் இந்தக் கம்பெனியின் பேலா பாரெனி. 1959-இன் டபிள்யூ 111-இல் அது முதலில் வந்தது. 1978-இல் போஷோடு சேர்ந்து எஸ் கிளாஸில் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), அதற்குப் பிறகு ஏர்பேக், 1995-இல் இ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் பிடிப்பது) எல்லாம் இங்கிருந்துதான் மற்ற கார்களுக்குப் பரவின. அப்படிப் பரவி, இன்றைய சாதாரணக் காரிலும் வந்துவிட்டன. ஏர்பேக் இல்லாத டபிள்யூ 123-ஐக் குழந்தைகளோடு நாற்கர சாலையில் 120-இல் ஓட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பங்கில் இப்போது 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான். என் 1995 ஈ 220 தாங்குமா? (பொள்ளாச்சி)

அந்த எஞ்சின் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஆனாலும் ஓடும், கவனித்துக்கொள்ள வேண்டும். முப்பது வருட ரப்பர் ஃபியூயல் ஹோஸ்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். ஃபில்டரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள், டேங்க் உள்ளே படிந்த அழுக்கு கரைந்து வரும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பழைய பெட்ரோலை அப்படியே விட்டுவைக்காதீர்கள். பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.